இரண்டு முறை கண் சிமிட்டவும்

அந்த நிதி நிறுவனத்தின் ஒன்பதாவது மாடிக் கூட்ட அறையில் பன்னிரண்டு நாற்காலிகள் இருந்தன. பதினொன்று சாதாரணமானவை. சக்கரம் வைத்தவை, உட்கார்ந்தால் முனகுபவை. பன்னிரண்டாவது ஆரஞ்சு நிற வெல்வெட் போர்த்தியது. அதன் முதுகில் ‘வாடிக்கையாளர்’ என்று பொறித்த பித்தளைத் தகடு. அதில் யாரும் உட்காரக் கூடாது.

இந்த நாற்காலி எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் விளக்கிவிடுவது நல்லது. இது தெரியாமல் மற்ற எதுவும் புரியாது. கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்ததும் இயக்குநர் எழுந்து அந்த நாற்காலியைப் பார்த்து, “உங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்பார். பிறகு எல்லோரும் மௌனமாக இருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பதில் குழப்பம் வரக் கூடாதே என்று மேசைமேல் ஒரு குட்டி மணல் கடிகாரம் வைத்திருந்தார்கள். மூன்று விநாடியில் மணல் இறங்கிவிடும். உடனே குறிப்பெழுதும் பெண், ‘வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார்’ என்று பதிவு செய்வார். ஒன்பது ஆண்டுகளில் நாற்காலி ஒருமுறைகூட மறுத்ததில்லை. ஆண்டறிக்கையில் இது ‘நூறு சதவீத இசைவு’ என்ற தலைப்பில், ஏறுமுகமான ஒரு கோட்டுடன் அச்சாகும். நூறிலிருந்து கோடு எப்படி ஏறும் என்று யாரும் கேட்டதில்லை.

லிஃப்ட்காரர் இந்தச் சடங்கை முதல் தடவை பார்த்தபோது சிரித்துவிட்டார். மற்றவர்கள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

அவருடைய உண்மையான பதவி, மின்னணுச் சேவை வடிவமைப்பின் தலைவர். அதாவது, நிறுவனத்தின் செயலியில் எந்தத் திரை எப்படி இருக்க வேண்டும், எந்தப் பொத்தான் எங்கே உட்கார வேண்டும் என்று தீர்மானிப்பவர். அதற்கு முன் பதினான்கு வருடம் லிஃப்ட் செய்யும் தொழிற்சாலையில் பொத்தான் பலகை வடிவமைத்தவர் என்பதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கு அதில் வருத்தமில்லை. லிஃப்ட் பொத்தானைப் போல நேர்மையான பொருள் உலகத்தில் குறைவு என்பது அவர் கட்சி. அழுத்தினால் எரியும். எரிந்தால், ‘கேட்டுவிட்டது, வருகிறேன்’ என்று பொருள். வந்ததும் அணைந்துவிடும். அவ்வளவுதான். வந்த லிஃப்ட், “நான் வந்தது உங்களுக்கு மகிழ்ச்சியா?” என்று கேட்காது.

இந்தக் கட்டடத்து லிஃப்ட் கேட்டது. கதவு திறப்பதற்கு முன் ஐந்து நட்சத்திரம் காட்டும். ஒன்றையாவது தொட்டால்தான் வெளியே விடும். அதை வடிவமைத்தவர்தான் அவருக்கு முன்னால் இந்தப் பதவியில் இருந்தார். இப்போது இன்னும் பெரிய நிறுவனத்தில் இருக்கிறார்.

அக்காவின் போன் வந்தது அவர் சேர்ந்து மூன்றாவது மாதத்தில்.

“டேய், உங்க ஆப்பு உங்க அத்தானைக் கண்ண சிமிட்டச் சொல்லுதுடா.”

“என்னக்கா சொல்ற?”

“ரெண்டு தடவ. பத்து செகண்டுக்குள்ள. மூஞ்சிய வட்டத்துக்குள்ள வெச்சுக்கிட்டு. வெளிச்சம் பத்தலைன்னா ஜன்னல் பக்கம் போகணுமாம்.”

அத்தான் இறந்து அப்போது ஐந்து மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். வீட்டுக் கடனை அதற்கு முந்தைய வருடமே முழுக்க அடைத்திருந்தார். நிறுவனத்திடம் இருந்த வீட்டுப் பத்திரத்தைத் திரும்ப வாங்குவதை மட்டும் ‘அடுத்த வாரம், அடுத்த வாரம்’ என்று தள்ளிக்கொண்டே வந்தார். இப்போது அக்காவுக்கு அந்தப் பத்திரம் வேண்டும். வீட்டை விற்றுவிட்டு மகள் இருக்கும் ஊருக்கே போய்விடலாம் என்று முடிவு செய்திருந்தாள். வாங்குவதற்கு ஆளும் இருந்தது. பத்திரத்தைப் பெற்றுக்கொள்ளும் நாமினியாக அக்காவின் பெயரைத்தான் அத்தான் கொடுத்திருந்தார்; ஆனாலும் பத்திரத்தைக் கேட்க ஒரே வழி செயலி. செயலியில் ஒரே வழி, கணக்கு வைத்திருப்பவரின் முகம்.

“கிளைக்கு நேரா போக வேண்டியதுதானேக்கா?”

“போனேன்டா. அங்க கவுண்டரே இல்ல. ஊஞ்சல் தொங்குது. ஒரு பொண்ணு ஓடி வந்து, எங்க அனுபவ மையத்துக்கு வாங்கன்னு சொல்லி ஒரு டேப்லெட்டக் கையில குடுத்துச்சு. அதுலயும் இதே வட்டம்தான்.”

“இறப்புச் சான்றிதழக் காட்டினியா?”

“காட்டினேனே. அத வாங்கிப் படிச்சிட்டு, சார் இப்ப பிஸியா இருந்தா சாயங்காலம்கூட சிமிட்டலாம்மா, இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும்னுச்சு.”

லிஃப்ட்காரர் அன்று அந்தச் சோதனையை உட்கார்ந்து படித்தார். சோதனை நன்றாகத்தான் செய்யப்பட்டிருந்தது; அதுதான் கொடுமை. கேமரா முகத்தைப் பார்த்ததும் ஒவ்வொரு கண்ணைச் சுற்றியும் ஆறு புள்ளி வைக்கிறது. மேல் இமைக்கும் கீழ் இமைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளக்கிறது. இடைவெளி குறைந்து, மறுபடி விரிந்தால் ஒரு சிமிட்டல். பத்து விநாடியில் இரண்டு சிமிட்டல் இருந்தால் ஆள் உயிரோடு இருக்கிறார். முதன்முதலில் கணக்கு திறந்தபோது எடுத்த படத்தோடு முகமும் ஒத்துப்போக வேண்டும். யாரோ ஒருவர் இன்னொருவரின் புகைப்படத்தை நீட்டி ஏமாற்றக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. திருடனைத் தடுக்கத் தேவையான அத்தனையையும் யோசித்திருந்தார்கள். மனிதர் செத்துப்போவார் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

இன்னொரு விதியும் இருந்தது. பத்திரம் கேட்டு வைத்த விண்ணப்பம் உயிரோடிருக்க வேண்டுமானால் அத்தானின் போனில் செயலியின் அறிவிப்புகளை அணைக்கக் கூடாது. தினமும் திறந்தும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் எல்லாம் முதலிலிருந்து. ஆகவே அக்கா அந்தப் போனுக்குத் தினமும் சார்ஜ் போட்டுச் சமையலறை மேடையில் வைத்திருந்தாள். காலை ஏழு மணிக்கு அதிலிருந்து எக்காளம் ஒலிக்கும். அத்தானின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ‘இன்று உங்கள் கனவை நோக்கி ஓர் அடி வைத்துவிட்டீர்களா?’ என்று கேட்கும்.

“தினம் அவர் பேரச் சொல்லிக் கூப்பிடுதுடா,” என்றாள் அக்கா. “நான் பாட்டுக்கு, இதோ வர்றார்னு பதில் சொல்ற அளவுக்கு வந்துட்டேன்.”

இதற்கு வேண்டியது ஒரே ஒரு பொத்தான். வட்டத்துக்குக் கீழே, ‘கணக்கு வைத்திருப்பவர் இறந்துவிட்டார்’. அழுத்தினால் சான்றிதழ் கேட்கும் திரை வரும். லிஃப்ட்காரர் அதை அரை நாளில் வரைந்து முடித்துக் கூட்டத்தில் வைத்தார்.

விளம்பரத் துறைத் தலைவி முதலில் பேசினார். “வடிவம் ரொம்ப அழகா இருக்கு. ஆனா அந்த வார்த்தை நம்ம மகிழ்ச்சி அகராதியில இல்ல.”

மகிழ்ச்சி அகராதி என்பது செயலியில் பயன்படுத்த அனுமதி உள்ள நானூற்றுப் பன்னிரண்டு சொற்களின் பட்டியல். ‘இழப்பு’ கிடையாது. ‘முடிவு’ கிடையாது. ‘இல்லை’ என்ற சொல்லே கிடையாது.

“அப்ப எப்படிச் சொல்றது?”

“நீண்ட விடுப்பில் இருக்கிறார்னு போடலாமே. இதமா இருக்கும்.”

சட்ட அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “விடுப்புன்னா திரும்பி வருவார்னு அர்த்தமாகும். நாளைக்கு அவர் திரும்பி வந்து, என் பத்திரத்த யார்கிட்ட குடுத்தீங்கன்னு கேட்டா நாம மாட்டிக்குவோம்.”

“அவர் வர மாட்டார் சார்,” என்றார் லிஃப்ட்காரர். “என் அக்கா வீட்டுக்காரர். நான்தான் தூக்கிட்டுப் போனேன்.”

அறையில் ஒரு நிமிடம் எல்லோரும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார்கள். பிறகு இயக்குநர் தொண்டையைச் சரிசெய்தார். வாடிக்கையாளர் அன்புத் துறை என்பது அவர் துறையின் பெயர்.

“லிஃப்ட் சார், உங்க வலி எனக்குப் புரியுது. ஆனா நாம தரவ வெச்சுப் பேசறவங்க. இப்படி ஒரு பொத்தான் வேணும்னு எத்தனை வாடிக்கையாளர் கேட்டிருக்காங்க? இறந்தவங்கள்ல ஒருத்தர்? ஒருத்தராவது? எனக்கு வந்த அறிக்கைப்படி பூஜ்யம்.”

“என் அக்கா பத்தொன்பது தடவ புகார் குடுத்திருக்காங்க.”

“அவங்க வாடிக்கையாளர் இல்லையே. வாடிக்கையாளர் அவங்க வீட்டுக்காரர். அவர்கிட்டயிருந்து புகாரே வரல.” இயக்குநர் எழுந்து ஆரஞ்சு நாற்காலியைப் பார்த்தார். “இந்தப் பொத்தான் இப்போதைக்கு வேண்டாம். உங்களுக்குச் சம்மதமா?”

மணல் இறங்கியது. வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார்.

ஆனாலும் விஷயத்தைக் கைவிட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. அடுத்த மாதமே பச்சாதாபப் பட்டறை ஒன்று நடந்தது. இறந்த வாடிக்கையாளரின் மனநிலையை உள்ளிருந்து உணர்வதற்காக மூத்த அதிகாரிகள் எல்லோரும் ரப்பர் விரிப்பில் மல்லாந்து படுத்தார்கள். விளக்கை அணைத்தார்கள். இருபது நிமிடம். வெளியிலிருந்து வரவழைத்த பயிற்சியாளர் ஒருவர், “நீங்க இப்ப இல்ல… உங்க கடவுச்சொல்லும் இல்ல…” என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே நடுவில் நடந்தார். சட்ட அதிகாரி குறட்டை விட்டார். அது ‘ஆழ்ந்த ஈடுபாடு’ என்று பதிவாயிற்று. லிஃப்ட்காரரும் படுத்திருந்தார். பக்கத்து விரிப்பிலிருந்து யாருடைய காலுறை நாற்றமோ வந்தது. அத்தானின் ஒற்றைச் செருப்பு வாசலில் கவிழ்ந்து கிடந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு, விளக்கைப் போடும் நேரத்துக்கு வந்தார்.

விளக்கைப் போட்டதும் இயக்குநர் கண்ணைக் கசக்கியபடி சொன்னார்: “எனக்கு ரொம்ப நிம்மதியா இருந்துச்சு. ஒரு கவலையும் இல்ல. உண்மையச் சொல்றேன், இந்த நிலைமைல இருக்கிற ஒருத்தர் நம்மள விட்டுப் போகணும்னு ஏன் நினைக்கப்போறார்?”

எல்லோரும் கை தட்டினார்கள்.

இப்படியே அத்தான் இறந்து எட்டு மாதம் ஆயிற்று. வீட்டை வாங்க இருந்தவர், இந்த மாதக் கடைசி வரைதான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டார். பதினொரு நாள் மிச்சம் இருந்தபோது ஆண்டின் சிறந்த வாடிக்கையாளர் பட்டியல் வந்தது.

அந்தப் பட்டியலை மனிதர்கள் தயாரிப்பதில்லை. கணினி தயாரிக்கிறது, பாரபட்சம் கூடாது என்பதற்காக. தினமும் செயலியைத் திறப்பவருக்கு மதிப்பெண். காலைச் செய்தியைத் தவறாமல் படிப்பவருக்கு மதிப்பெண். புகார் சொல்லாதவருக்கு, பணம் எடுக்காதவருக்கு, தொலைபேசியில் அழைத்து ஊழியர்களின் நேரத்தை வீணாக்காதவருக்குக் கூடுதல் மதிப்பெண். எல்லாவற்றிலும் நூற்றுக்கு நூறு வாங்கி முதலிடத்தில் நின்றவர் அத்தான்.

லிஃப்ட்காரர் பெயரைப் படித்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொருமுறை படித்தார்.

“சார், இவர்தான் அவர்.”

“எவர்?”

“என் அத்தான். செத்துப்போனவர்.”

 இயக்குநர் பட்டியலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். மெதுவாக அவர் கண் கலங்கியது. “இதுதாங்க விசுவாசம்,” என்றார். “உயிர் போயி எட்டு மாசம் ஆச்சு. இன்னும் நம்மள விட்டுப் போகல. உயிரோட இருக்கிறவன் எவனாவது இப்படி இருப்பானா? நாம எதிர்பார்க்கிற வாடிக்கையாளர் இவர்தான். இவர் மாதிரிதான் எல்லாரும் ஆகணும்.”

“ஆனா விருது விழாவுக்கு வர முடியாதே,” என்றார் சட்ட அதிகாரி. எதையும் நுணுக்கமாகப் பார்ப்பவர்.

“அதுக்கு ஏற்பாடு பண்ணிடலாம்,” என்றார் விளம்பரத் தலைவி. “கணக்கு திறந்தப்ப எடுத்த படம் நம்மகிட்ட இருக்கு. அத மேடைத் திரையில போட்டுக்கலாம். சும்மா அசையாம இருந்தா சோகமாத் தெரியும். அதனால ஒரு மென்பொருள் வெச்சு உயிர் குடுத்துடுவோம். லேசா சிரிப்பார். தலையாட்டுவார். கண் சிமிட்டுவார்.”

 வெளியே போக எழுந்த லிஃப்ட்காரர், கதவருகே போய் நின்றார். திரும்பினார்.

“எத்தன தடவ சிமிட்டுவார்?”

“என்ன?”

“கண்ண. எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவ?”

“நாலு செகண்டுக்கு ஒண்ணு வெக்கச் சொல்லலாம்னு இருக்கேன். ஏன், உங்களுக்கு ஏதாவது ஆலோசனை இருக்கா?”

“இல்ல,” என்றார் லிஃப்ட்காரர். “நாலு சரியா இருக்கும்.”

அன்று மாலை அவர் அக்கா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். அக்கா பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் குழாயை மூடினாள்.

“அவர் மூஞ்சிய எடுத்து ஆட்டி விளையாடப்போறாங்களா?”

“ஆமாக்கா.”

“உனக்கு அங்க சம்பளம் குடுக்கறாங்களா, இல்ல பாவத்த மூட்ட கட்டிக் குடுக்கறாங்களா?”

“நாலு செகண்டுக்கு ஒரு தடவ கண்ணு சிமிட்டுவாருக்கா,” என்றார் லிஃப்ட்காரர். அக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். “சரி, எத்தனை மணிக்கு?” என்றாள்.

விழா, மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில், ஒன்பதாவது மாடி அரங்கத்தில் நடந்தது. மேடை நடுவில் ஆரஞ்சு நாற்காலி. அதன் பின்னால் இரண்டு ஆள் உயரத்துக்குத் திரை. திரையில் அத்தான். பதினொரு வருடம் இளையவராக, கணக்கு திறந்த அன்று போட்டிருந்த நீலச் சட்டையில். சிரித்தார். தலையாட்டினார். கண்ணைச் சிமிட்டினார். கூட்டம் ‘ஆஹா’ என்றது.

விருதை வாங்க அக்கா மேடை ஏறினாள். முட்டி வலிக்காரி, மூன்று படி ஏறியதிலேயே மூச்சு வாங்கியது. பக்கத்தில் நாற்காலி இருந்தது. உட்கார்ந்துவிட்டாள்.

 இயக்குநர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தார். “அம்மா, தப்பா நினைக்காதீங்க. அது வாடிக்கையாளர் நாற்காலி.”

“தெரியுது. பின்னாடி எழுதியிருக்கே.”

“அதுல யாரும் உட்காரக் கூடாதும்மா.”

“வாடிக்கையாளர்கூடவா?”

“வாடிக்கையாளர் வேற, ஆளுங்க வேற,” என்றார் இயக்குநர் பொறுமையாக. “ஆளுங்க உட்கார ஆரம்பிச்சா ஏதாவது சொல்லிடுவாங்க. அப்புறம் கூட்டம் நடத்த முடியாது.”

அக்கா எழுந்தாள். கைப்பையிலிருந்து அத்தானின் போனை எடுத்தாள். செயலியைத் திறந்தாள். இரண்டு அடி பின்னால் தள்ளி நின்று, போனைத் திரைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். வட்டம் வந்தது. கூட்டம் அவள் படம் எடுப்பதாக நினைத்தது. “நல்லா நெருங்கிப் போய் எடுங்கம்மா,” என்று விளம்பரத் தலைவியே ஊக்கப்படுத்தினார்.

கீழே முதல் வரிசையில் லிஃப்ட்காரர் எண்ணிக்கொண்டிருந்தார். ஆறு புள்ளி இந்தக் கண்ணில். ஆறு புள்ளி அந்தக் கண்ணில். முகப் பொருத்தத்தில் சந்தேகமே இல்லை, அதே படம்தானே. வெளிச்சத்துக்கும் குறைவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அத்தான் சிமிட்டினார். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. மறுபடி சிமிட்டினார்.

எக்காளம் ஒலித்தது. போனின் திரையில் வண்ணக் காகிதத் துணுக்குகள் பறந்தன. ‘வாழ்த்துகள்! நீங்கள் உயிருடன் இருப்பது உறுதியாகிவிட்டது. உங்கள் பத்திரத்தை நாமினி இன்றே பெற்றுக்கொள்ளலாம்.’

அக்கா அதைப் படித்துவிட்டுத் திரையை நிமிர்ந்து பார்த்தாள். அத்தான் மூன்றாவது முறை சிமிட்டிக்கொண்டிருந்தார். “அவருக்கு இடது கண்ணு ஒரு நொடி லேட்டாத்தான் மூடும்,” என்றாள் யாரிடமும் இல்லாமல். “இது யாரோ.”

நடந்தது என்னவென்று இயக்குநருக்குப் புரிய அரை நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

“நண்பர்களே! நம்ம சோதனையில இறந்தவங்க தேற முடியாதுன்னு ஒரு தவறான கருத்து நிலவிட்டு இருந்துச்சு. இப்ப உங்க கண்ணு முன்னாடியே தேறியிருக்கார்! அதனால லிஃப்ட் சார் கேட்ட அந்தப் புதுப் பொத்தானுக்கு இனி அவசியமே கிடையாது. இனிமே இறந்தவங்க குடும்பத்துக்கெல்லாம் இந்த அசையும் பட வசதிய நாமளே குடுப்போம், நியாயமான கட்டணத்துல.” நாற்காலியின் பக்கம் திரும்பினார். அது காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டார். “உங்களுக்குச் சம்மதமா?”

மணல் கடிகாரத்தை விழாவுக்கும் கொண்டுவந்திருந்தார்கள். மணல் இறங்கியது. குறிப்பெழுதும் பெண் எழுதிக்கொண்டார். முதல் வரிசையில் லிஃப்ட்காரரின் இடம் அதற்குள் காலியாகியிருந்தது. அவருடைய அடையாள அட்டை அங்கே கிடந்தது.

கீழ்த்தளத்துக்குப் போகும் லிஃப்ட்டில் ஐந்து நட்சத்திரம் வந்தது. லிஃப்ட்காரர் ஒன்றைத் தொட்டார். ‘எங்களை மேம்படுத்த என்ன செய்யலாம்?’ என்றது. அக்கா அதைக் கையால் பட்டென்று தட்டினாள். கதவு திறந்தது.

பத்திரங்களை வைத்திருக்கும் பெட்டக அறையில் ஒரே ஒரு மனிதர், ஒரு மர மேசை, ஒரு ரப்பர் முத்திரை. ஒன்பதாவது மாடியின் சீர்திருத்தங்கள் இங்கே இறங்கி வரவில்லை. யாருக்கும் இந்த அறை ஞாபகம் இல்லை போலிருக்கிறது. அவர் போனில் இருந்த அனுமதியைப் பார்த்தார். நாமினி என்று இருந்த பெயரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

“வீட்டுக்காரரா?”

“ஆமாங்க.”

“எப்ப?”

“எட்டு மாசம் ஆச்சு.”

அவர் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் ஸ்டூலை மேசையைச் சுற்றித் தூக்கி வந்து போட்டார். “உட்காருங்கம்மா. தேடி எடுக்கக் கொஞ்ச நேரமாகும்,” என்று சொல்லி உள்ளே போனார். அக்கா உட்கார்ந்தாள். யாரும் அவளை எழுந்திருக்கச் சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் பழுப்பு உறை வந்தது. அக்கா பிரித்து, அத்தானின் கையெழுத்தைத் தடவிப் பார்த்து, மறுபடி மூடினாள்.

போன் அதிர்ந்தது. கணக்கு மூடப்படுகிறது என்றும், போவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி என்றும் சொன்னது. ‘எங்களை ஏன் பிரிகிறீர்கள்?’ கீழே நான்கு விடை. சேவை திருப்தியாக இருந்தது, ஆனாலும். வேறு நிறுவனம் அழைத்தது. நேரம் குறைவு. இடம் மாறுகிறேன்.

“எதடா அழுத்தறது?”

“எதையாவது அழுத்துக்கா.”

அக்கா கொஞ்சம் யோசித்து நான்காவதை அழுத்தினாள்.

‘அருமை!’ என்றது செயலி. ‘புதிய இடத்திலும் நாங்கள் இருக்கிறோம். உங்களுக்கு மிக அருகில் உள்ள கிளையைத் தேடுகிறோம்.’ ஓர் ஆரஞ்சுச் சக்கரம் சுற்றத் தொடங்கியது.

அவர்கள் வெளியே வந்து, தெருவைக் கடந்து, பேருந்து நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்றார்கள். அக்கா போனைப் பார்த்தாள். சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

“தேடட்டும்,” என்றாள். பொத்தானை அழுத்திப் பிடித்தாள். அழுத்தியதும், போன் அணைந்தது.